ஆச்சி இடுப்புக்குள்ள இருந்தது எந்த கம்பெனி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசினது பேசினபடிதான்.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு மஞ்சப்பை.

எங்க ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சி. வீட்டிலிருந்து தாமிரபரணி படித்துறைக்கு நடக்கிற தூரம்தான். சின்ன வயசில் லீவுக்குப் போனால் காலையில் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போவோம். நான் ஆறாவது, ஏழாவது படிக்கும்போது அது நின்றுபோச்சு. ஆச்சிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. படியில் இறங்கவே முடியாது. 2009-ல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், ஏன் என்று போகப் போகப் புரியும்.

ஆறே மாசத்தில் ஆச்சி திரும்பவும் படித்துறையில் இறங்கிட்டாங்க. ஊரே அதிசயமா பார்த்தது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு தொடை இடுக்கில் வலி. "வயசாச்சுல்லா, வலிக்கத்தான் செய்யும்"னு ஆச்சியே சொல்லிக்கிட்டாங்க. வலி கூடிக்கொண்டே போய், 2013-ல் அந்த மூட்டை எடுத்துட்டு வேற வைக்க வேண்டியதாப் போச்சு. டாக்டர் சொன்ன காரணம் ஒரே வரி: "சில பேருக்கு இப்படி ஆகும்." வயலை அடகு வைத்து ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் கட்டினோம். எடுத்த மூட்டு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கணும் என்று யாருக்கும் தோணவில்லை.

2018-ல், நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும்போது, ஒரு நியூஸ் வந்தது: ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் ஒரு இடுப்பு மூட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது, இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்திருக்கிறார்கள், நஷ்டஈடு தரப் போகிறார்கள். படித்ததும் நேரா ஊருக்கு போன் அடிச்சேன். "ஆச்சி, உங்களுக்கு உள்ள வச்சது எந்த கம்பெனி?"

ஆச்சி சொன்ன பதில் இன்னும் காதில் நிக்குது. "ஏல ஐயா, எனக்கு எப்பிடிடே தெரியும்? குக்கர் வாங்குனா கூட ஒரு கார்டு தாரான். இதுக்கு ஒண்ணும் தரலயே."

அந்த ஒரு வாக்கியம்தான் இன்னைக்கு எபிசோட். குக்கருக்கு கார்டு இருக்கு, உடம்புக்குள்ளே வைத்த பொருளுக்கு இல்லை. நம்ம உடம்பில் வைத்த கருவி பழுதாகி நமக்குக் காயம் ஏற்பட்டால் சட்டத்தில் என்னென்ன வழி இருக்கு, அந்த வழியில் போக நம்ம கையில் என்ன இருக்கணும், ரெண்டையும் பார்ப்போம்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. பகல்ல கோடு எழுதுறவன். இது சட்ட ஆலோசனை இல்லை. ஆலோசனைக்குப் போகிறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது.

அந்த மூட்டில் என்னதான் கோளாறு?

நியூஸில் வந்த கருவியின் பேர் ஏ.எஸ்.ஆர். தயாரித்தது டெப்யூ, ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து சுழல்வது மாதிரி. பல செயற்கை மூட்டுகளில் கிண்ணத்தின் உட்புறம் பிளாஸ்டிக்கா இருக்கும். ஏ.எஸ்.ஆரில் பந்து, கிண்ணம் ரெண்டுமே உலோகம், அதாவது கோபால்ட்-குரோமியம் கலவை. பிளாஸ்டிக் தேயும், உலோகம் தேயாது, அதனால் நீண்ட நாள் உழைக்கும் என்பது கணக்கு.

கணக்கு தப்பாச்சு. கிண்ணத்தின் ஆழம் அரைக்கோளத்தை விடக் குறைவு. அதனால் கொஞ்சம் கோணம் மாறினாலும் பந்து கிண்ணத்தின் விளிம்பில் உரசும். உரசினால் நுண்ணிய உலோகத் துகள் உதிரும். அது சுற்றியிருக்கிற திசுவைக் கெடுக்கும், ரத்தத்திலும் கோபால்ட், குரோமியம் அளவு ஏறும். வலி, வீக்கம், கடைசியில் மறு ஆபரேஷன்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் முக்கியம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தேசிய மூட்டுப் பதிவேடு இருக்கு. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த கம்பெனியின் எந்த மாடல் வைத்தார்கள், மறு ஆபரேஷன் ஆச்சா, எல்லாம் அதில் பதிவாகும். நம்ம பாஷையில் சொன்னா, லாக் எழுதுறாங்க. அந்த லாகைப் பார்த்தபோது ஒரு மாடல் மட்டும் தனியாத் தெரிந்தது. இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டின்படி, 5 வருஷத்துக்குள் ஏ.எஸ்.ஆரின் ஒரு வகையில் சுமார் 12 சதவீதம், இன்னொரு வகையில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். எட்டு பேரில் ஒருவர். 2009 கடைசியில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாச்சு.

"இதை முன்னாடியே டெஸ்ட் பண்ணலையா?"னு கேட்பீங்க. அமெரிக்காவில் இதன் ஒரு வகைக்கு 2005-ல் அனுமதி கிடைத்த வழியே வேற. ஏற்கெனவே சந்தையில் இருக்கிற கருவிக்கு இது இணையானது என்று காட்டினால் போதும், மனிதர்களிடம் புதுசா ஆய்வு நடத்த வேண்டியதில்லை. ஆபீஸில் "சின்ன சேஞ்சுதான் ப்ரோ, டெஸ்டிங் வேண்டாம்"னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் பண்ணுவோமே, கிட்டத்தட்ட அது. என்ன, சனிக்கிழமை ரோல்பேக் பண்ண முடியாது. உள்ளே இருப்பது ஒரு ஆளோட எலும்பில்.

இந்தியாவில் தொலைந்தவர்கள்

அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டமாக வழக்குப் போட்டார்கள். 2013 நவம்பரில் சுமார் 8,000 பேருக்காக ஏறக்குறைய 250 கோடி டாலர் தர கம்பெனி ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. இறக்குமதி உரிமம் ரத்தானது 2012-ல். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது 2013 டிசம்பரில், அதாவது உலகம் முழுக்கத் திரும்பப் பெற்று மூணு வருஷத்துக்கு மேல் கழித்து. மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர் அருண்குமார் அகர்வால் தலைமையில் குழு போட்டது 2017-ல். அதன் அறிக்கை 2018-ல் வந்தது.

அந்த அறிக்கையை ஒட்டி வந்த கணக்கில் என்னை உலுக்கினது ஒரே ஒரு எண்தான். 4,700-ல் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கம்பெனியின் ஹெல்ப்லைனில் வந்து பதிவு பண்ணினவர்கள் மட்டும்தான் கணக்கில் இருந்தார்கள். மற்றவர்கள்? எங்க ஆச்சி மாதிரி "வயசாச்சுல்லா"னு சொல்லிக்கொண்டு எங்கேயோ திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம்.

அதற்கப்புறம் டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையிலான இன்னொரு குழு வயது, ஊனத்தின் அளவு இதையெல்லாம் வைத்து ஒரு சூத்திரம் போட்டது. அதன்படி நஷ்டஈடு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ஏற்று ஒரு பொதுநல வழக்கை முடித்து வைத்தது. கம்பெனியோ சூத்திரத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அங்கே 2019 மே மாதம், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தரத் தயார் என்று சொன்னது.

4,700 எங்கே, 67 எங்கே? இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற ஒரு வார்த்தை "சரிபார்க்கப்பட்ட". எனக்கு வைத்தது இந்தக் கருவிதான் என்று காகிதத்தில் காட்ட முடிந்தவர்கள் மட்டும்தான் வரிசையில் நிற்கவே முடியும்.

நானும் வரிசையில் நிற்கப் பார்த்தேன். ஆச்சியின் மஞ்சப்பையை அவிழ்த்தேன். ஸ்கேன், எக்ஸ்ரே, பில், பழைய ரேஷன் கார்டு, குலதெய்வம் கோயில் திருநீறு எல்லாம் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "உலோகத்தோடு உலோகம் வகை, முழு இடுப்பு மாற்று" என்று அர்த்தம் வர்ற ஒரு வரி. கம்பெனி பேர் இல்லை, மாடல் இல்லை, நம்பர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஒன்பது வருஷ ஃபைலா? அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு தம்பி." எடுத்த மூட்டு? "அது பயோமெடிக்கல் வேஸ்ட்ல போயிருக்கும்."

ஒண்ணு தெளிவாச் சொல்லணும். ஆச்சிக்கு வைத்தது ஏ.எஸ்.ஆர்-தான் என்று நான் சொல்லவில்லை. உலோகத்தோடு உலோகம் வகையில் வேற கம்பெனிகளும் மூட்டு செய்தார்கள். அது இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என் கோபம்.

சட்டத்தில் யார் மேல் கேஸ் போடலாம்?

ஆச்சிக்கு ஆபரேஷன் நடந்த காலத்தில் இருந்தது 1986 நுகர்வோர் சட்டம். இப்போ இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதில் "பொருள் பொறுப்பு" என்று தனி அத்தியாயமே இருக்கு, 82 முதல் 87 வரை உள்ள பிரிவுகள். 2020 ஜூலை 20-லிருந்து அமலில் இருக்கு. இதன் கீழ் மூணு பேரைக் கேட்கலாம்.

முதல் ஆள், தயாரிப்பாளர். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன அளவுகோலிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்தோடு பொருந்தாதது, ஆபத்தைத் தடுக்கப் போதுமான எச்சரிக்கையோ பயன்பாட்டுக் குறிப்போ தராதது. இதில் ஒன்றை நிரூபித்தால் போதும். ஆழம் குறைந்த கிண்ணம் என்றால் அது வடிவமைப்புக் குறை. ஒரே ஒரு பேட்சில் மட்டும் விரிசல் என்றால் தயாரிப்புக் குறை.

ரெண்டாவது ஆள், விற்பவர். சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளரும் விற்பவர்தான். நமக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா உடம்பில் வைக்கிற கருவிகளில் நிறைய வெளிநாட்டிலிருந்து வருது. தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லை, அல்லது அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை, அல்லது இந்தியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றால் விற்றவர் பொறுப்பு ஏற்கணும். "ஃபேக்டரி வெளிநாட்டில் இருக்கு, நாங்க வெறும் டீலர்"னு கையை விரிக்க முடியாது.

மூணாவது ஆள், சேவை தருபவர். அதாவது ஆஸ்பத்திரி, டாக்டர். 1995-ல் உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்கத்தின் வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. நீங்க எடுத்த பாலிசியில் இன்சூரன்ஸ் கம்பெனி பில் கட்டியிருந்தாலும் நீங்க நுகர்வோர்தான். திரும்பப் பெற்ற பிறகும் அதே கருவியை வைத்தார்கள், எச்சரிக்கை வந்தும் நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்றால் கேள்வி ஆஸ்பத்திரி மேல் வரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கு, பார்த்து நடக்கணும். நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தும் பொருள் என்றால், தயாரிப்பாளர் அந்த நிபுணருக்கு நியாயமான முறையில் எச்சரிக்கை சொல்லியிருந்தால் போதும். "எச்சரிக்கை தரவில்லை" என்று அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது என்கிறது பிரிவு 87. செயற்கை மூட்டு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் எல்லாம் இதில் வரும். கம்பெனி "டாக்டர்கிட்ட சொல்லிட்டோம்" என்கும். டாக்டர் "கம்பெனி என்கிட்ட சொல்லவே இல்லை" என்பார். ஒருத்தர் மேல் மட்டும் கேஸ் போட்டால், அங்கே இல்லாத ஆள் மேல் அவர் பழியைப் போட்டுடுவார். அதனால் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், ஆஸ்பத்திரி என்று சம்பந்தப்பட்ட எல்லோரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாமா என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுடுங்க.

எங்கே போடணும், எவ்வளவு செலவு?

"நம்ம திருநெல்வேலி ஆளு, பன்னாட்டுக் கம்பெனி மேல டெல்லிக்கா போய் கேஸ் போட முடியும்?" வேண்டாம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற இடத்திலேயே, அல்லது வேலை பார்க்கிற இடத்திலேயே போடலாம். கல்லிடைக்குறிச்சி ஆச்சி என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

எந்த மட்டத்தில் போடுவது என்பதைத் தீர்மானிப்பது நீங்க கேட்கிற நஷ்டஈடு இல்லை, நீங்க கட்டின தொகை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். ஆபரேஷனுக்கு மூணு லட்சம் கட்டியிருந்தால், நஷ்டஈடு 40 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டின தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆன்லைனிலும் தாக்கல் பண்ணலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருது. ஆனா கருவி சம்பந்தப்பட்ட கேஸில் நிபுணர் சாட்சி, ஆய்வக அறிக்கை எல்லாம் வரும். துணைக்கு ஆள் இருப்பது நல்லது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. எங்க ஆச்சிக்கு, பெண் என்ற ஒரு காரணமே போதும். ஹெல்ப்லைன் 15100. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. அதற்கு மதுரையில் அமர்வு இருக்கு, நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சென்னை அலைச்சல் மிச்சம்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போல முற்றிலும் இலவசமாகச் செய்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு பொதுவாகத் திறக்காது. சிவில் நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த வழிகள் இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்திருந்தால் வாதாட இடம் உண்டு. வக்கீலிடம் கேட்காமல் நீங்களே "நமக்குக் கிடையாது"னு முடிவு பண்ணிடாதீங்க.

கெடு: ரெண்டு வருஷம்

வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போடணும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், ஆனா அது ஆணையத்தின் கையில்.

"கோளாறே எனக்கு ஐந்து வருஷம் கழிச்சுத்தானே தெரிஞ்சது?" நியாயமான கேள்வி. 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கைச் சொல்றேன். 1993-ல் பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு வருஷக்கணக்காக வலி. 2002-ல் வேற ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தால் உள்ளே துணி. 2004-ல் புகார் கொடுத்தார். தெரிய வந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் பேசியது. ஆனால் இத்தனை வருஷம் வலி இருந்தும் ஆபரேஷன் பண்ணின டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்டவில்லையே என்று சொல்லி, காலாவதி ஆகிவிட்டது என்று முடித்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு "வயசாச்சுல்லா" ஞாபகம்தான் வந்தது. நம்ம வீட்டுப் பெரியவர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையா நினைக்கிறாங்க. சட்டம் அந்தப் பொறுமைக்கு மார்க் போடுறதில்லை. வலி வந்தால் உடனே போங்க, சீட்டில் தேதியோடு எழுத வைங்க.

கேஸ் இல்லாத வழிகள்

பணம் கிடைக்காவிட்டாலும் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. 2015-லிருந்து இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைக் கண்காணிக்க ஒரு தேசியத் திட்டம் ஓடுது. காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துது. நோயாளியோ குடும்பத்தினரோ 1800 180 3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். ஒரே கருவியைப் பற்றிப் பத்து ஊரிலிருந்து பத்து புகார் வந்தால்தான் இது ஒரு ஆளோட பிரச்சினை இல்லை என்று தெரியும். நம்ம நாட்டில் லாக் எழுத வேண்டியவர்கள் எழுதாதபோது, நாம ஒரு வரி எழுதுறோம்.

டாக்டரின் நடத்தை பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் பண்ணலாம். அது அவர் உரிமம் பற்றிய நடவடிக்கை, நஷ்டஈடு வராது. போலீஸ் கேஸும் முடியும், ஆனா 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி டாக்டர் மேல் குற்ற வழக்கு நிற்க மிக மோசமான கவனக்குறைவு இருக்கணும். கருவியே பழுது என்ற கேஸில் அது அபூர்வம்.

கையில் என்ன இருக்கணும்?

இதுதான் நோட் பண்ண வேண்டிய இடம்.

ஒண்ணு, ஸ்டிக்கர். உடம்பில் வைக்கிற கருவிகளின் பெட்டிக்குள் பொதுவா உரித்து ஒட்டுகிற லேபிள்கள் ஒண்ணுக்கு மேல் இருக்கும். தயாரிப்பாளர் பேர், மாடல் நம்பர், லாட் நம்பர் அல்லது சீரியல் நம்பர் அதில் இருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்க டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ரெண்டு, பில். 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தபோது, பில்லில் ஸ்டென்டைத் தனியாக, பிராண்ட், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பேர், பேட்ச் நம்பரோடு காட்டணும் என்று உத்தரவு போட்டார்கள். "பேக்கேஜ்" என்று ஒற்றை வரியில் பில் தந்தால் பிரித்துக் கேளுங்க.

மூணு, கேஸ் ஃபைல். உள்நோயாளி ஆவணத்தை டாக்டர் மூணு வருஷம் வைத்திருக்கணும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும். இது 2002 மருத்துவ நெறிமுறை விதி. மூணு வருஷம்! செயற்கை மூட்டோ பதினைந்து, இருபது வருஷம் உள்ளே இருக்கப் போற பொருள். அதனால் டிஸ்சார்ஜ் ஆன மாசமே முழு ஃபைலின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க.

நாலு, எடுத்த கருவி. மறு ஆபரேஷன் என்றால், எடுக்கப் போகிற கருவியை அழிக்கக் கூடாது, கம்பெனியிடம் கொடுக்கக் கூடாது, சீல் வைத்துப் பாதுகாக்கணும் என்று ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்க. பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் நுகர்வோர் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பப் பொருள் வேணும்ல? எங்க கேஸ் முடிந்துபோனது 2013-ல், அந்தக் குப்பை வாளியில்தான். நாங்க அப்போ கேஸ் இருக்குன்னே தெரியாத ஆட்கள்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

போன வருஷம் அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே போகும் முன்னாடி நான் நர்ஸ் அக்காகிட்ட போய், "அக்கா, ஸ்டென்ட் பெட்டில ஸ்டிக்கர் இருக்கும்லா, ஒண்ணு எங்களுக்கு வேணும்"னு சொன்னேன். அவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. "என்ன தம்பி, டூப்ளிகேட்னு சந்தேகமா?" "இல்லக்கா, எங்க ஆச்சி கதை ஒண்ணு இருக்கு." ரெண்டு நிமிஷத்தில் கதையைச் சொன்னேன். சாயங்காலம் டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் ஸ்டிக்கரை ஒட்டி, அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாங்க. அதைப் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் பின் பண்ணி வைத்திருக்கேன். அந்த ஸ்டென்ட் நல்லா இருக்கு, நல்லாவே இருக்கட்டும்.

ஆச்சி இப்போ கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடப்பாங்க, ஆற்றுக்குப் போறதில்லை. போன வாரம் அந்த ஸ்டிக்கர் போட்டோவை போனில் பெரிசு பண்ணிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இம்புட்டுக்காண்டா?" என்றாங்க.

ஆமா ஆச்சி, இம்புட்டுக்காண்டுதான்.

இதைக் கேட்டு முடித்ததும் ஒரு வேலை பண்ணுங்க. வீட்டில் யாருக்காவது மூட்டு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கண்ணுக்குள் லென்ஸ், எலும்பில் பிளேட், ஏதாவது வைத்திருந்தால், இன்னைக்கே ஃபைலை எடுத்துப் பாருங்க. ஸ்டிக்கர் இருந்தால் போட்டோ எடுங்க. இல்லை என்றால், மூணு வருஷம் ஆகிறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். வாரேன்.